தகடூர் யாத்திரை

தமிழில் "தகடூர் யாத்திரை" என்று ஒரு நூல் இருந்தது. பெயரைக் கேட்டவுடன், யாரோ ஒரு புண்ணியவான் கட்டுச்சோற்று மூட்டையுடன் கிளம்பி, வழியில் கண்ட சத்திரம் சாவடிகளையெல்லாம் வர்ணித்து எழுதிய பிரயாண நூல் என்றுதான் தோன்றும். அப்படியல்ல. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை பெரும்படை திரட்டிக்கொண்டு வந்து அதியமானின் தகடூர்க் கோட்டையை அழித்த கதை அது. அந்தக் காலத்தில் படையெடுப்புக்கும் யாத்திரை என்றுதான் பெயர். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஆக, எங்கள் ஊருக்கு வந்த பிரயாணிகளில் ஏட்டில் இடம் பெற்ற முதல்வர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவில்லை, உடைத்துக்கொண்டு வந்தார்!

அந்த நூலும் முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் சிதறிக் கிடக்கும் சில பாடல்களே மிச்சம். எங்கள் ஜில்லாவைப் பற்றிய யாத்திரை நூல் தொலைந்துபோய்விட்டது என்றால், அதற்குப் பிறகு வேறொன்று எழுத யாருக்கும் தோன்றவில்லையே என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

இந்தக் குறையைச் சென்ற கோடையில் கிளறிவிட்டவன் என் தங்கையின் மகன். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் தலைநகரான மெல்போர்னில் படித்துக்கொண்டிருக்கிறான். பத்து நாள் விடுமுறையில் வந்தவன், எனக்கென்று ஒரு சிறு புத்தகம் கொண்டுவந்தான். உல்லாசப் பிரயாணிகளுக்கான வழிகாட்டி. விரித்தால் ஒரு வரைபடம். அந்த மாநிலத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு வர்ணம் தீட்டியிருந்தார்கள். கடலோரச் சாலைக்கு ஒரு வர்ணம், மலைநாட்டுக்கு ஒன்று, தங்க வயல்களுக்கு ஒன்று, மர்ரே நதிக்கரைக்கு ஒன்று.

"மாமா, இந்த மாதிரி நம்ம ஜில்லாவுக்கு ஒரு மேப் போட்டா எத்தனை கலர் வேணும்?" என்று கேட்டான்.

"ரெண்டு போதும்டா. ஒகேனக்கல்லுக்கு நீலம், மற்றதுக்கெல்லாம் செம்மண் நிறம்" என்றாள் அவனுடைய தாய், அடுப்படியிலிருந்தபடியே.

நான் பதில் சொல்லவில்லை. புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன். அந்த மாநிலத்தார் சாமர்த்தியசாலிகள்தாம். சமுத்திரக் கரையை ஒட்டி 240 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்தச் சாலையை, முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை பாறையை வெட்டிப் போட்டார்களாம். யுத்தத்தில் மடிந்த தோழர்களின் ஞாபகச் சின்னம் அது. வேடிக்கை பார்க்கப் போகிறவன் ஒரு நினைவுச் சின்னத்தின் மேல்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான்! அந்தச் சாலையில் ஓரிடத்தில், கடலுக்குள் சுண்ணாம்புக் கற்றூண்கள் நிற்கின்றன. பெயர் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு கிடையாது. 2005இல் ஒன்று இடிந்து விழுந்தபின் எட்டுத்தான். ஆனால் பெயர் மட்டும் பன்னிரண்டுதான்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பிரதேசத்துக்கும் பாராமகால் என்று ஒரு பழைய பெயர் உண்டு. பாரா என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகளோ மாளிகைகளோ உள்ள நாடு என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு எவை என்று கேட்டால் ஆளுக்கொரு ஜாபிதா நீட்டுவார்கள். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பூமி கும்பெனியாரிடம் போனபோது, கர்னல் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து தீர்வை போட வந்தார்கள். பாவம், அவர்களும் பன்னிரண்டைத் தேடியிருப்பார்கள்!

ஆகவே, கணக்கில் சற்று முன்னே பின்னே இருப்பது ஒரு நாட்டுக்கு இழுக்கல்ல என்று தைரியம் பிறந்தது. "நாளைக்குக் காலையில் கிளம்பு. நம் ஜில்லாவுக்கு எத்தனை வர்ணம் என்று பார்த்துவிடுவோம்" என்று மருமகனிடம் சொன்னேன்.

"நாலு நாள் வீட்டுல உட்காந்து களியும் கீரையும் சாப்பிடட்டும்னு பார்த்தா, நீ அவனை ஊர் சுத்தக் கூட்டிக்கிட்டுப் போறியா, அண்ணா?" என்று தங்கை குறைப்பட்டுக்கொண்டாள். கடைசியில் முதல் நாளைக்கு அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

முதல் மண்டலம் நதி மண்டலம். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போதே காற்றில் ஈரம் தெரிகிறது. கன்னடத்தில் "ஹொகே" என்றால் புகை, "கல்" என்றால் பாறை. நீர் விழுந்து புகையாகக் கிளம்பும் பாறை. காவிரி கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் கால் வைக்கிற இடம் இது. சின்னாறும் இங்கே வந்து கலந்துகொள்கிறது. பிறகு நதி மேட்டூர் அணையில் போய் அடங்குகிறது. இங்குள்ள கார்பனடைட் என்ற வகைப் பாறை, பூமிக்குள்ளிருந்து உருகி எழுந்து இறுகியது. வயது 240 கோடி ஆண்டு என்கிறார்கள் நில இயல் அறிஞர்கள். அந்த மூத்த பாறையின் மேல் மனிதர்கள் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள். தேய்ப்பவர் முதுகில் படபடவென்று தாளம் போடும் ஓசை அருவியின் இரைச்சலையும் மீறிக் கேட்கிறது. மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே மசாலா தடவி வறுத்துக் கொடுக்கப் பெண்கள் காத்திருக்கிறார்கள். மணிரத்னத்தின் "ரோஜா" படப் பாட்டுக்காகக் காமிராக்காரர்களும் இங்கே வந்து போயிருக்கிறார்கள்.

பரிசலில் ஏறினோம். மூங்கிற் பிளாச்சுகளால் கூடை போல முடைந்து, அடியில் நீர் புகாதபடி மூடியிருப்பார்கள். முன்காலத்தில் தோல் போர்த்துவார்களாம். கரையில் அதைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு பரிசல்காரர் நடந்து போவதைப் பார்த்தால், ஆமை ஒன்று எழுந்து நடப்பது போல இருக்கும். மிதவை அங்கி கட்டாயம். எங்களை ஏற்றிச் சென்றவர் ஐம்பதைத் தாண்டியவர். பாறை இடுக்குகளில் துடுப்பைத் தொட்டும் தொடாமலும் போட்டு, அந்தக் கூடையை ஒரு சுழற்றுச் சுழற்றினார். தங்கை முருகனைக் கூப்பிட்டாள். மருமகன் சிரித்தான்.

"இப்ப சீசன் எப்படிங்க?" என்று நான் விசாரித்தேன்.

"தண்ணி குறைஞ்சாலும் எங்களுக்கு லீவு; கூடினாலும் லீவுங்க. மேலே அணையைத் திறந்து வெள்ளம் வந்துட்டா பரிசல் ஓட்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டுருவாங்க. நீங்க லீவு கிடைச்சா வர்றீங்க. நாங்க லீவே வரக்கூடாதுன்னு சாமியைக் கும்பிடுறோம்" என்றார் அவர்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் மருமகன் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டான். தம் பிள்ளை பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்றும், துடுப்புப் பிடிக்க அவனுக்கு மனமில்லை என்றும் பரிசல்காரர் அதே குரலில் சொன்னார். வழிகாட்டிப் புத்தகங்களில் அருவியின் படம் இருக்கும். அருவி வற்றினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்ற தகவல் இராது.

இரண்டாவது, மலை மண்டலம். 2004இல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது, பாகப்பிரிவினையில் மாந்தோப்புகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் பங்குக்கு வந்தவற்றில் இந்த மலைகள் உசத்தி. அரூருக்கு அப்பால் தீர்த்தமலை. இராமர் சிவபூஜைக்கு நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினாராம். அவர் வரத் தாமதமாகவே அம்பெய்து பாறையிலிருந்து நீரை வரவழைத்தாராம். பிறகு வந்து சேர்ந்த அனுமன் கோபத்தில் வீசியெறிந்த நீர் தென்பெண்ணையில் விழுந்த இடம் அனுமன் தீர்த்தம். மழை குறைந்த சீமையில் நீர் கசியும் பாறை ஒன்று இருந்தால், அதற்கு இராமபாணத்தைத் தவிர வேறு காரணம் நம் முன்னோருக்குத் தோன்றவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

வத்தல்மலை இன்னொரு பக்கம். மேலே மலைவாழ் மக்களின் கிராமங்கள். சாமையும் கேழ்வரகும் காப்பியும் மிளகும் விளைகின்றன. நெடுங்காலம் அங்கே நடந்துதான் ஏற வேண்டும். இந்த நூற்றாண்டில்தான் ஒழுங்கான சாலை வந்தது. வளைவுகளில் வண்டி திரும்பும்போது, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களை நினைத்துக்கொண்டேன். நமக்கு இயற்கைக் காட்சி. அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி.

சித்தேரி மலைப்பக்கம் போகும்போது, அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பெயர்ப்பலகை வந்தது. "இங்கே என்ன விசேஷம் மாமா?" என்று கேட்டான் மருமகன்.

நான் சொன்னேன். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையைச் சேர்ந்தவர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். வழக்கு பல்லாண்டுகள் நடந்தது. 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மருமகன் பிறப்பதற்கு முன்னே நடந்த அநியாயத்துக்கு அவன் வளர்ந்து ஆளான பிறகுதான் முடிவு கிடைத்தது.

"இதை மேப்பில் போட முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உங்கள் கடற்கரைச் சாலையை யாருக்காகப் போட்டார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கண்காட்சியாக்கி டிக்கெட் விற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் யாரும் பார்த்துப் போவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் ஒரு நிலத்தின் வழியே போகிறவன், அங்கே சட்டம் இடறி விழுந்ததையும், ஏழைப் பெண்கள் விடாமல் நின்று அதை எழுப்பி உட்காரவைத்ததையும் அறிந்துகொண்டு போவதில் தவறென்ன?

மூன்றாவது மண்டலத்துக்குக் கல் மண்டலம் என்று பெயர் வைத்தேன். தருமபுரிக்கு அருகே சேலம் சாலையில் அதியமான்கோட்டை இருக்கிறது. ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த வள்ளல் வெறும் கதாபாத்திரம் என்று எண்ணியிருந்தவர்கள் உண்டு. 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுதோ என்ற பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் இருந்தது. அசோகர் தம் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துக் குறிப்பிட்ட சதியபுத்திரர் யார் என்ற நெடுநாளைய புதிரும் அதோடு அவிழ்ந்தது. நெல்லிக்கனிக்குப் பாறையே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று.

தருமபுரி நகரத்து அருங்காட்சியகத்தில் நடுகற்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டு மந்தையை மீட்கப் போய் மாண்ட வீரன் வில்லோடும் வாளோடும் கல்லில் நிற்கிறான். அரசனுக்குக் கோட்டை, இவனுக்கு ஒரு பலகைக் கல். கோட்டைகள் எல்லாம் மண்மேடாகிவிட்டன. இவன் இன்னும் நிற்கிறான். மருமகன் வெகுநேரம் அங்கே நின்றான். "அந்தச் சாலை மாதிரிதான் மாமா இதுவும்" என்றான். எனக்கு நிறைவாக இருந்தது.

நான்காவது மண்டலம் ஒரே ஓர் ஊர்: பாப்பாரப்பட்டி. வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா கடைசியாக வந்து தங்கிய இடம். 1908இல் வ.உ.சி.யோடு சிறை சென்றவர், 1912இல் வெளியே வந்தபோது தொழுநோயையும் கொண்டுவந்தார். தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. மனிதர் உடம்பெல்லாம் புண்ணாக, ஊர் ஊராகக் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் கட்ட வேண்டும் என்று 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அஸ்திவாரம் போடச் செய்தார். கோயில் எழும்பவில்லை. 1925 ஜூலை 23ஆம் தேதி அங்கேயே கண்ணை மூடினார். இப்போது அரசாங்கத்தார் அவருக்கு மணிமண்டபமும் பாரத மாதாவுக்கு நினைவாலயமும் எழுப்பியிருக்கிறார்கள். இந்த நாட்டில் யாத்திரை என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள மனிதர் ஒருவர் உண்டென்றால், ரயில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டும் நடந்தே போன அவரைத்தான் சொல்வேன்.

நான்கு வர்ணம் ஆயிற்று. வரைபடத்தில் மிச்சம் நிறைய இடம் இருந்தது. நடுவிலும் ஓரத்திலும் புளியமரச் சாலைகள், கேழ்வரகுக் கொல்லைகள், தக்காளித் தோட்டங்கள், நீரில்லாத ஓடைகள். தங்கை சொன்ன செம்மண் நிறம் அதுதான். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நான்கூட விட்டுவிட்டிருப்பேன். ஐந்தாம் நாள் இரவு மருமகன் ஒரு கேள்வி கேட்டான்.

ஒகேனக்கல்லில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாப் படத்திலும் அம்மா சிரிக்கிறபோது முந்தானையால் வாயை மூடிக்கிறாங்களே, ஏன் மாமா? பழைய கல்யாண ஆல்பத்திலும் அப்படித்தான்."

அவன் ஓசூரில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தெரிய நியாயமில்லை. தங்கை கோழித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். எங்கள் ஊர்க் கிணற்று நீரில் புளோரைடு என்ற உப்பு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. கிணறு ஆழமாக ஆழமாக இன்னும் அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்று கணக்கு. பல் உருவாகிற வயதில் அந்த நீரைக் குடித்த குழந்தைகளுக்குப் பற்களில் பழுப்புக் கறை படிந்துவிடும், தேய்த்தால் போகாது. பல காலம் குடித்தவர்களுக்கு எலும்பே வளைந்துவிடும். ஊர்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதை நாணம் என்று எண்ணிக்கொள்வார்கள். எனக்கும் அதே பற்கள்தாம். ஆண்பிள்ளைக்கு மீசை ஒத்தாசை செய்கிறது.

இத்தனைக்கும் நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் காவிரி புகைந்துகொண்டு விழுகிறது! வெளியூர்க்காரர்கள் அதில் குளித்துவிட்டுப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள் கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். 2008இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து, 2013இல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி குழாய் வழியே வந்தது. என் தங்கைக்கு அப்போது முப்பது வயது கடந்துவிட்டது. நதி வந்தது, கறை போகவில்லை.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அரூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ போவதாக இருந்த திட்டத்தை அவனே ரத்துச் செய்துவிட்டான். மீதி நாட்கள் முழுதும் வீட்டில் உட்கார்ந்து களியும் கீரையும் சாப்பிட்டான். என் தங்கைக்கு நடந்தது என்னவென்று தெரியாது. "பிள்ளைக்கு ஊர் சுத்தி அலுத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டாள்.

நிற்க. எங்கள் ஜில்லாவுக்கும் ஒருநாள் வர்ணம் தீட்டிய வழிகாட்டி வரத்தான் போகிறது. வரட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். பிரயாணிகள் வந்தால் பரிசல்காரரின் மகன் ஒருவேளை பெங்களூரிலிருந்து திரும்பிவரக்கூடும். மலையிலே விளையும் சாமைக்கு நல்ல விலை கிடைக்கக்கூடும். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதுகிறவருக்கு ஒரு விண்ணப்பம். ஆடிப் பதினெட்டுக்கும் பொங்கலுக்கும் முந்தின இரவில் தருமபுரிப் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். தோளில் தூங்கும் குழந்தை, கையில் துணிக்கடைப் பை. எங்கள் ஊருக்கு அதிகமாக வரும் உல்லாசப் பிரயாணிகள் இவர்கள்தாம். பிழைப்பதற்காக வெளியே போய்விட்டு, விடுமுறைக்குச் சொந்த வீட்டுக்கு விருந்தாளிகளாக வருகிறவர்கள். இவர்கள் போகிற இடத்துக்கு எந்த வரைபடத்திலும் வர்ணம் கிடையாது.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். அவசியம் வாருங்கள். அருவியைப் பாருங்கள், மலை ஏறுங்கள், நடுகல்லின் முன்னே சற்று நில்லுங்கள். வழியில் தாகமெடுத்தால் எந்த வீட்டுத் திண்ணையிலும் தயங்காமல் உட்காரலாம். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். நீங்கள் நன்றி சொன்னால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சொம்பு நீர் அவள் வீட்டுக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆயிற்று என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். முழுவதையும் குடித்துவிட்டு எழுந்திருங்கள்.